நத்தைக்குள் புழு இருந்தால் கழிக்கு மதிப்பெண் குறைப்பீர்களா?

கடலோரச் சதுப்பு நிலங்களின் வாழிடத் தரத்தை மதிப்பிடும் குழுவினருக்கு,

உங்கள் வரைவு அறிக்கையில் நத்தைகளுக்கு ஒன்றரைப் பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள். அதில் உள்ள ஒரு வாக்கியம்தான் என்னை இந்த மடலை எழுத வைத்தது. திறந்த உப்பங்கழியில் எடுத்த நத்தைகளில் ஒட்டுண்ணித் தொற்று அதிகமாக இருந்ததாம். ஆகவே அந்த வாழிடம் ‘தரம் குன்றியது’. மதகு போட்டு அடைத்த குளத்தின் நத்தைகளில் தொற்று ஏறக்குறைய இல்லையாம். ஆகவே அது ‘நல்ல நிலையில்’ இருக்கிறது. இந்தக் கணக்கின்படி கழி ஒரு படி கீழே இறங்கிவிட்டது, குளம் ஒரு படி மேலே ஏறிவிட்டது. கீழே இறங்கிய இடத்தில் கரை போடவும் மண் கொட்டவும் அனுமதி கேட்பது எவ்வளவு எளிது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அதே அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், ஆண்டுதோறும் நத்தைகளைக் கணக்கெடுக்கும் பணி ‘இனித் தேவையில்லை’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். தவறான முடிவை எழுதிவிட்டு, அது தவறு என்று காட்டக்கூடிய ஒரே வேலையையும் நிறுத்தச் சொல்கிறீர்கள்.

நான் விஞ்ஞானி அல்ல. ஒரு கல்லூரியின் விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மாணவர்களின் செய்முறை வகுப்புக்காக நத்தை பொறுக்கி வருவது என் வேலைகளில் ஒன்று. பிறகு மாணவர்கள் கேட்காத ஆண்டுகளிலும் நானே போய் எடுத்து, உடைத்து, பார்த்ததை நோட்டில் எழுதி வைக்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டது. பதினொரு ஆண்டு நோட்டுகள் என்னிடம் இருக்கின்றன. கழியும் குளமும் இரண்டும் அவற்றில் உண்டு. குளம் குளமாவதற்கு முன் கழியின் ஒரு கிளையாக இருந்த காலமும் உண்டு. உங்கள் குழுவில் யாராவது கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். யாரும் கேட்கவில்லை.

ஒரு நத்தையை உடைத்துப் பார்ப்பது எப்படி என்பதிலிருந்து தொடங்குகிறேன். மரப்பலகையின் மேல் வைத்துச் சிறு சுத்தியலால் ஒரே தட்டு. வேகமாகத் தட்டினால் ஓடும் சதையும் கூழாகிவிடும். தயங்கித் தட்டினால் ஓடு விரிசல்கூட விடாது. கை பழக ஒரு மாதம் ஆகும். ஓட்டுத் துண்டுகளை இடுக்கியால் விலக்கிவிட்டு, உடலைக் கடல்நீர் ஊற்றிய கண்ணாடித் தட்டில் போட வேண்டும். பார்க்க வேண்டியது சுருளின் நுனியை. செரிமானச் சுரப்பியும் இனப்பெருக்க உறுப்பும் அங்கேதான் இருக்கின்றன. தொற்று இல்லாத நத்தையில் அந்தப் பகுதி ஒரே சீராக, வழவழப்பாக இருக்கும். தொற்று உள்ள நத்தையில் இனப்பெருக்க உறுப்பு என்று சொல்ல அங்கே பெரும்பாலும் எதுவும் மிஞ்சியிருக்காது. வெளிறிய நிறத்தில் சிறுசிறு பைகளும் குழல்களும் அந்த இடம் முழுவதையும் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும். ஊசியால் லேசாகக் கீறினால் தட்டிலுள்ள தண்ணீர் மங்கலாகும். நுண்ணோக்கியின் கீழ் அந்த மங்கல் நீந்துகிறது. ஒவ்வொரு துளி மங்கலும் வாலை அடித்துக்கொண்டு துடிக்கும் நூற்றுக்கணக்கான இளம்புழுக்கள். செர்கேரியா என்று பாடப்புத்தகம் சொல்லும் பருவம் அதுதான்.

முதல்முறை பார்க்கும் மாணவர்கள் எல்லாரும் முகத்தைச் சுளிப்பார்கள். ‘ஐயோ, இந்த இடம் இவ்வளவு அசுத்தமா சார்?’ என்று கேட்பார்கள். உங்கள் அறிக்கையின் அந்த வாக்கியம் அதே முகச் சுளிப்புதான். மாணவர்களுக்கு அது முதல் நாள். உங்களுக்கு அப்படி அல்ல.

இந்தப் புழுக்கள் அழுக்கிலிருந்து முளைப்பவை அல்ல. டிரெமட்டோடு என்னும் தட்டைப்புழுக்கள் இவை. முதிர்ந்த புழு பறவையின் குடலில் வாழ்கிறது. அதன் முட்டை பறவையின் எச்சத்தோடு சேற்றில் விழுகிறது. நத்தை சேற்றை மேயும்போது அந்த முட்டையை விழுங்குகிறது. சில வகைகளில் முட்டையிலிருந்து வெளிவரும் இளம்புழு தானே நீந்தி வந்து நத்தையைத் துளைத்து நுழைகிறது. உள்ளே போனதும் நத்தையை மலடாக்கிவிட்டுத் தன் படியெடுப்புகளைப் பெருக்குகிறது. அங்கிருந்து வெளியேறும் செர்கேரியா மீனையோ நண்டையோ சிப்பியையோ தேடிப் போய் அதன் உடலில் கூடுகட்டிக் காத்திருக்கிறது. அதைப் பறவை தின்றால் சுற்று முடிகிறது.

ஆக, பறவை வராத இடத்தில் முட்டை விழாது. முட்டை விழாத இடத்தில் நத்தைக்குத் தொற்று வராது. பறவை சும்மா வருவதில்லை. தின்ன ஏதாவது இருந்தால்தான் வரும். நத்தையோ தான் பிறந்த சேற்றை விட்டு வெகுதூரம் போவதில்லை, சில வகைகள் பல ஆண்டுகள் உயிரோடு இருக்கின்றன, ஒருமுறை உள்ளே வந்த புழு பெரும்பாலும் நத்தை சாகும்வரை வெளியேறுவதில்லை. நீங்கள் ஒரு காலை நேரம் தொலைநோக்கியோடு கரையில் நின்று பறவைகளை எண்ணுகிறீர்கள். நீங்கள் வராத நாட்களிலும் இரவுகளிலும் வந்துபோன பறவைகளின் வருகைப் பதிவேடு அந்த ஓட்டுக்குள் இருக்கிறது. பதிவேட்டில் பெயர்கள் நிறைய இருப்பதைப் பார்த்து வீடு பாழடைந்துவிட்டது என்று எழுதுவதா?

இனி, குளத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

மதகு போடுவதற்கு முன் அந்தக் கிளையில் ஓதம், அதாவது கடல்நீர், ஏறி இறங்கும். நீர் வற்றும் வேளையில் சேற்றுத் திட்டுகள் வெளியே தெரியும். உள்ளான் பறவைகள் கூட்டமாக இறங்கும். உள்ளானின் கால் எவ்வளவு நீளமோ அவ்வளவு ஆழத்துக்குள்தான் அதன் உலகம். மதகு வந்த பிறகு நீர் ஒரே மட்டத்தில் நின்றுவிட்டது. சேறு வெளியே தெரிவதே இல்லை. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். புகைப்படம் எடுக்க நல்ல இடம். ஆனால் கம்பால் அடியைக் கிளறினால் கறுப்புச் சேறும் அழுகிய முட்டை வாடையும் மேலே வருகின்றன. உள்ளான்கள் போய்விட்டன. சில கொக்குகள் கொஞ்ச காலம் கரையோரம் நின்று பார்த்தன, பிறகு அவையும் வருவதைக் குறைத்துக்கொண்டன.

நத்தைகளில் தொற்று உடனே மறையவில்லை. நான் முக்கியமாகச் சொல்ல வேண்டியது இதைத்தான், என் நோட்டுகளில் தெளிவாக இருப்பதும் இதுதான். மதகு போட்ட முதல் இரண்டு ஆண்டுகளில் குளத்தின் பெரிய நத்தைகளை உடைத்தபோது புழு இருந்தது. சிறியவற்றை உடைத்தபோது இல்லை. பெரியவை மதகுக்கு முந்தைய நாட்களில் தொற்றைப் பெற்றவை. சிறியவை மதகுக்குப் பின் பிறந்தவை. மூன்றாம், நான்காம் ஆண்டுகளில் அந்தப் பெரிய நத்தைகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போய் வெற்று ஓடுகள் கரையில் ஒதுங்கின. அதற்குப் பிறகு அரை நாள் உட்கார்ந்து உடைத்தாலும் ஒரு புழு அகப்படுவது அரிது. கழியிலோ மூன்று நான்கு நத்தை உடைப்பதற்குள் ஒன்று கண்ணில் பட்டுவிடும். அதுவும் ஒரே வகை அல்ல. வாலில் பிளவு உள்ளது, கண்புள்ளி உள்ளது, தலையைச் சுற்றி முள்வரிசை உள்ளது என்று பல.

குளத்தின் நத்தைகள் நோய் நீங்கிக் குணமானவை அல்ல. அவற்றைத் தேடி வந்தவர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள், அவ்வளவுதான்.

உங்கள் களப்பணியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். உங்கள் ஆட்கள் வந்த அன்று நான் அங்கே இருந்தேன். கழியில் அவர்கள் நத்தை பொறுக்கிய இடம் ஒரு பட்டுப்போன மரத்தின் அடி. அந்த மரத்தில்தான் நாள் முழுவதும் பறவைகள் உட்காரும். கீழே சேறு வெள்ளை பூத்துக் கிடக்கும். பறவைகள் உட்காரும் கிளைகளின் அடியில் நத்தைத் தொற்று கூடுதலாக இருக்கும் என்பது புதிய செய்தி அல்ல. பிளோரிடாவின் அலையாத்திக் காட்டு நத்தைகளை வைத்து 2001இலேயே இதைக் குறித்து ஆய்வு வந்திருக்கிறது. ஒரே சதுப்பில் நூறு அடி தள்ளிப் பொறுக்கினால் கணக்கு மாறும். ஆகவே ஒரு மரத்தடியை வைத்து ஒரு கழிக்கு மதிப்பெண் போட முடியாது.

அதைவிட மோசம் அளவு. கழியில் எடுத்தவை நன்றாக வளர்ந்த நத்தைகள். குளத்தில் எடுத்தவை அவற்றில் பாதி நீளம்கூட இல்லை. அங்கே பெரியவை இல்லாததால் கிடைத்ததை அள்ளிப் பையில் போட்டார்கள். நத்தை எவ்வளவு பெரிதோ அவ்வளவு காலம் அது சேற்றை மேய்ந்திருக்கிறது, அவ்வளவு முறை முட்டையை விழுங்க வாய்ப்பு இருந்திருக்கிறது. பெரியவற்றையும் சிறியவற்றையும் பக்கத்தில் வைத்துத் தொற்றை ஒப்பிடுவது, தாத்தாவையும் பேரனையும் பக்கத்தில் நிறுத்தி யாருக்கு நரை அதிகம் என்று எண்ணுவது போன்றது. உங்கள் அட்டவணையில் நத்தையின் நீளத்துக்கு ஒரு பத்திகூட இல்லை.

நத்தையின் இனப்பெயரும் இல்லை. ‘நத்தைகள்’ என்று மட்டும் இருக்கிறது. இது சின்ன விஷயமல்ல. ஜப்பானியக் கரையிலிருந்து சிப்பி வளர்ப்போடு வட அமெரிக்காவின் மேற்குக் கரைக்குப் போய்ச் சேர்ந்த பட்டிலேரியா என்ற நத்தை, கலிபோர்னியாவின் சில கழிகளில் அங்கே பிறந்த கொம்பு நத்தையை விரட்டிவிட்டு இடத்தைப் பிடித்துக்கொண்டது. அந்த ஊர்க் கொம்பு நத்தை பல வகைப் புழுக்களுக்கு வீடு. வந்தேறிய நத்தையிடம் இருந்ததோ ஒரே ஒரு வகை, அதுவும் கூடவே பயணம் செய்து வந்தது. உள்ளூர்ப் புழுக்களுக்கு அந்த நத்தைக்குள் நுழையத் தெரியவில்லை. உங்கள் அளவுகோலின்படி அங்கே வாழிடம் ‘மேம்பட்டது’ என்றல்லவா எழுத வேண்டும்?

இன்னொரு குறையும் உண்டு. நத்தைகளை இரவு முழுவதும் தண்ணீரில் போட்டு வைத்து, காலையில் செர்கேரியா வெளியே வந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்திருக்கிறீர்கள். முதிராத தொற்று இருந்தால் அன்று எதுவும் வெளியே வராது. குளிர் நாளில் முதிர்ந்ததுகூட வெளியேறத் தயங்கும். உடைத்துப் பார்க்காமல் ‘இல்லை’ என்று எழுதக்கூடாது.

என் நோட்டை நீங்கள் நம்ப வேண்டியதில்லை. இந்தக் கேள்வியை ஒழுங்காகக் கேட்டு ஒழுங்காக விடை கண்ட ஆய்வுகள் இருபது ஆண்டுகளாக இருக்கின்றன. கலிபோர்னியாவின் கார்ப்பின்டீரியா உப்புச் சதுப்பில் சீரழிந்த ஒரு பகுதியை மறுசீரமைத்தார்கள். அந்த வேலை பலித்ததா என்று பார்க்க ஹஸ்பெனி, லாஃபர்ட்டி என்ற இருவர் எடுத்துக்கொண்ட கருவி கொம்பு நத்தைக்குள் இருக்கும் இந்தப் புழுக்கள்தான். 2004இல் வெளியான அவர்களுடைய கட்டுரை சொல்வது இது: சீரமைத்த பிறகு ஆறு ஆண்டுகளில் அந்த இடங்களின் நத்தைகளில் தொற்று ஏறக்குறைய நான்கு மடங்கானது; புழு வகைகளின் எண்ணிக்கை ஏறக்குறைய இரு மடங்கானது. தொடாமல் விட்ட ஒப்பீட்டு இடங்களில் மாற்றம் இல்லை. முடிவில் சீரமைத்த இடம் ஒப்பீட்டு இடத்தை எட்டிப் பிடித்தது. பறவைகள் திரும்பி வந்ததே காரணமாக இருக்கும் என்று அவர்கள் கருதினார்கள். உங்கள் குழு அங்கே போயிருந்தால், அந்த ஆறு ஆண்டுகளிலும் சதுப்பு கெட்டுக்கொண்டே போகிறது என்று ஆண்டுக்கு ஓர் அறிக்கை எழுதியிருக்கும்.

அடுத்த ஆண்டே, 2005இல், ஹெக்கிங்கரும் லாஃபர்ட்டியும் பறவைகளையும் நத்தைப் புழுக்களையும் ஒரே இடங்களில் எண்ணிப் பார்த்தார்கள். பறவை வகைகளும் எண்ணிக்கையும் கூடிய இடத்தில் நத்தைக்குள் புழு வகைகளும் கூடின. அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில் லிட்டோரினா நத்தைகளை வைத்து 2008இல் வந்த ஆய்வும், இடத்துக்கு இடம் தொற்று மாறுவதற்குக் கடற்காகங்களின் எண்ணிக்கையே பெரிய காரணம் என்று காட்டியது.

2002ஆம் ஆண்டு மெக்சிகோவின் யுகட்டான் தீபகற்பத்தை இசிடோர் புயல் புரட்டிப் போட்டது. செலஸ்டூன் கடற்கழியில் அதற்கு முன்பிருந்தே மாதந்தோறும் நத்தைகளைக் கணக்கெடுத்து வந்தவர்கள் இருந்தார்கள். புயலில் புழுக்கள் காணாமல்போயின. நத்தைகள் திரும்பி வந்த பிறகும் புழுக்களின் கூட்டம் பழைய நிலைக்கு வரப் பல ஆண்டுகள் பிடித்தன. அந்த மீட்சியை 2009 வரை அவர்களால் அளக்க முடிந்தது, ஏனென்றால் அவர்களுடைய கணக்கெடுப்பை யாரும் ‘இனித் தேவையில்லை’ என்று நிறுத்தவில்லை.

இங்கே என் பக்கத்துப் பலவீனத்தையும் நானே சொல்லிவிடுகிறேன், நீங்கள் சொல்வதற்கு முன். தொற்று அதிகம் என்றாலே நல்ல வாழிடம் என்று நான் வாதிடவில்லை. மீன் கழிவு கொட்டும் இடத்தில் கடற்காகங்கள் கூடும். பக்கத்துப் பாறை நத்தைகளில் கடற்காகத்தின் புழு ஒன்று மட்டும் கொழிக்கும். அது ஆரோக்கியத்தின் அடையாளம் ஆகாது. உரநீர் வந்து சேரும் நன்னீர்க் குளங்களில் பாசி பெருகி, நத்தை பெருகி, ஒவ்வொரு நத்தையும் வெளியிடும் புழுவும் பெருகி, தவளைகள் ஊனமாகும் அளவுக்குத் தொற்று ஏறியதை ஜான்சன் குழுவினர் 2007இல் சோதனை வழியாகவே காட்டியிருக்கிறார்கள். ஆகவே நூற்றுக்கு எத்தனை நத்தை என்ற ஒற்றை எண்ணை வைத்து மேலே ஏற்றவும் கூடாது, கீழே இறக்கவும் கூடாது. எத்தனை வகைப் புழு, அவை அடுத்துத் தேடுவது மீனையா நண்டையா சிப்பியையா, கடைசியில் போய்ச் சேருவது எந்தப் பறவைக்கு என்று பிரித்துப் படிக்க வேண்டும். ஒரே வகை கொழித்தால் சந்தேகப்படுங்கள். பல வகை சேர்ந்திருந்தால், அந்த இடத்தில் பல சங்கிலிகள் அறுபடாமல் இருக்கின்றன. எங்கள் கழியில் இருப்பது இரண்டாவது. நீங்கள் வகை பிரித்துப் பார்க்கவே இல்லை.

நத்தையைக் கேட்டால் அது உங்கள் கட்சியில்தான் சேரும். தனக்குள் குடியேறியவனுக்காக மேய்ந்து, சந்ததி இல்லாமல் சாகிற வாழ்க்கை அதனுடையது. ஆனால் நீங்கள் மதிப்பெண் போடுவது தனி நத்தையின் சுகத்துக்கு அல்ல, ஒரு கழிக்கு. அங்கே இந்தப் புழுக்கள் ஓரத்தில் ஒளிந்திருக்கும் அற்பங்கள் அல்ல. கலிபோர்னியா, பாஹா கலிபோர்னியா பகுதியின் மூன்று கழிமுகங்களில் எடை போட்டுப் பார்த்து 2008இல் வெளியான கணக்கில், ஒட்டுண்ணிகளின் மொத்த உயிர்நிறை அங்குள்ள பறவைகளின் உயிர்நிறையை விஞ்சியது. அதே கரையில் வாழும் கில்லி மீனின் மூளையில் ஒரு வகைப் புழு கூடுகட்டி, அதைத் தண்ணீரின் மேற்பரப்பில் பளபளவென்று துள்ள வைக்கிறது. அப்படிப்பட்ட மீன்கள் பறவையின் வாயில் விழுவது 10 முதல் 30 மடங்கு அதிகம் என்று 1996இல் கண்டுபிடித்தார்கள். பறவைக்கு இரையை எடுத்துக் கொடுப்பதிலும் புழுவுக்குப் பங்கு இருக்கிறது என்றால், அதைக் கறை என்று ஒரே சொல்லில் ஒதுக்குவது எப்படி?

‘பொதுமக்களின் உடல்நலத்துக்கு அபாயம்’ என்ற ஒரு வரியும் அறிக்கையில் இருக்கிறது. எந்தப் புழுவால், எப்படி என்று இல்லை. மனிதரை வாட்டும் சிஸ்டோசோமா புழுவைச் சுமப்பவை நன்னீர் நத்தைகள்; உப்பங்கழி நத்தைகள் அல்ல. கடலோர நத்தைகளிலும் பறவைகளின் சிஸ்டோசோம்கள் சில உண்டு. அவை தவறுதலாக மனிதத் தோலைத் துளைத்தால் உள்ளே வளர முடியாமல் அங்கேயே சாகும், சில நாள் அரிப்பும் தடிப்பும் இருக்கும். எனக்கே வந்திருக்கிறது, சொறிந்துகொண்டே நோட்டு எழுதியிருக்கிறேன். மீனைப் பச்சையாகத் தின்பவர்களை வேறு சில வகைகள் பற்றக்கூடும். வேகவைத்தால் அந்தப் பயம் இல்லை. இதையெல்லாம் விளக்கி எழுதுங்கள், வரவேற்கிறேன். ஒற்றை வரியில் பீதியை மட்டும் எழுதி வைக்காதீர்கள். அந்த ஒற்றை வரியைத்தான் நாளை ஒருவர் மண் கொட்டும் விண்ணப்பத்தில் மேற்கோளாகக் காட்டுவார்.

எனவே நான் கேட்பவை இவை.

முதலில், நத்தைத் தொற்றைத் தரக்குறைவின் அடையாளமாக வைத்துப் போட்ட மதிப்பெண்ணை, இறுதி அறிக்கை வெளியாகும் முன் கழிக்கும் குளத்துக்கும் இரண்டுக்குமே ரத்து செய்யுங்கள். குளத்துக்குக் கொடுத்ததை விட்டுவைத்துக் கழிக்குக் குறைத்ததை மட்டும் சரிசெய்வதை நான் ஏற்க மாட்டேன். குளத்தின் உயர்ந்த மதிப்பெண்தான் அடுத்த மதகுக்கு முன்மாதிரியாகப் போகிறது.

நத்தைகளை மறுபடி எடுங்கள். ஒவ்வொரு இடத்திலும் பல புள்ளிகளில், பறவை உட்காரும் மரத்தடியிலும் அதைவிட்டுத் தள்ளியும் எடுங்கள். ஒரே இனத்தை, ஒத்த நீளமுள்ளவற்றை எடுங்கள். உடைத்துப் பாருங்கள். இனம், நீளம், எடுத்த இடம், எடுத்த நாள், புழுவின் வகை ஆகிய அனைத்தும் அட்டவணையில் வர வேண்டும். வகை பிரிக்கத் தெரிந்த ஒட்டுண்ணியியல் நிபுணர் ஒருவரைக் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். இப்போது உள்ள பட்டியலில் அப்படி ஒருவர்கூட இல்லை.

ஆண்டுக் கணக்கெடுப்பை நிறுத்தும் பரிந்துரையைத் திரும்பப் பெறுங்கள். பெரிய செலவு இல்லை: சுத்தியல், இடுக்கி, நுண்ணோக்கி, பொறுமையுள்ள இரண்டு பேர். குளத்தின் மதகைத் திறந்து ஓதத்தை உள்ளே விடும் யோசனை எப்போதாவது நிறைவேறினால், அது பலித்ததா என்று சொல்லப்போவதும் இந்தக் கணக்கெடுப்புதான். திறந்த பிறகு எண்ணத் தொடங்கினால் ஒப்பிட எதுவும் இருக்காது.

உடல்நல அபாயம் பற்றிய வரியை, எந்தப் புழு, எந்த வழி என்று விளக்குங்கள். விளக்க முடியாவிட்டால் நீக்குங்கள்.

என் பதினொரு நோட்டுகளையும் படியெடுத்துத் தரத் தயாராக இருக்கிறேன். கையெழுத்து சுமார்தான், சேற்றுக் கறை படிந்த பக்கங்களில் சில எண்கள் மங்கியிருக்கும், அவற்றை நானே உட்கார்ந்து வாசித்துச் சொல்கிறேன். உங்கள் குழுவில் குறைந்தது ஒருவராவது ஒரு நாள் நீர் வற்றும் நேரத்தில் என்னோடு கழிக்கு வர வேண்டும், அதே நாள் குளத்துக்கும் வர வேண்டும். இரண்டு இடத்திலும் இருபது நத்தைகளை அவரே பொறுக்கி, அவரே உடைத்துப் பார்க்கட்டும். முழங்கால் வரை சேறு இருக்கும். அதற்கேற்ற காலணியோடு வரச் சொல்லுங்கள்.

கருத்துக் கேட்புக்கான காலக்கெடு முடிவதற்குள் இவை ஒவ்வொன்றுக்கும் ஏற்கிறோம், ஏற்கவில்லை என்று எழுத்தில் பதில் தாருங்கள். ஏற்காதவற்றுக்குக் காரணத்தையும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
கழியில் நத்தை எடுக்கும் ஓய்வுபெற்ற ஆய்வுக்கூட உதவியாளர்